துறந்தவர் நடத்திய சங்கம்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், பெருங்கடவிளை ஊராட்சிக்குள், நெய்யாற்றங்கரையில் இருக்கிறது அருவிப்புறம். 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு ஆற்றின் சங்கரன்குழியிலிருந்து எடுத்துவந்த கல்லைச் சிவனாக நிறுவிய இடம் அது. அந்த உரிமை மறுக்கப்பட்டிருந்த ஈழவர் குலத்தில் பிறந்த ஒருவர் பிரதிஷ்டை செய்தார் என்பதால் அந்த இரவைக் கேரளச் சமூக வரலாற்றின் திருப்பமாக எண்ணுகிறார்கள். அதைப் பற்றி நிறையவே எழுதியும் இருக்கிறார்கள். அதே மண்ணில் முளைத்த மற்றொன்றைப் பற்றிய பேச்சு குறைவு. கோயிலைச் சுற்றிக் கூடியவர்கள் அமாவாசைதோறும் நீத்தாரை நினைந்து அன்னமளிக்க ஒரு சிறு கூட்டமைப்பை வைத்துக்கொண்டார்கள். வாவூட்டு யோகம் என்று அதற்குப் பெயர். அது கோயிலை நிர்வகிக்கும் சபையாக வளர்ந்து, 1903 மே மாதத்தில் கம்பெனிச் சட்டப்படி ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவானது. வீட்டையும் சுற்றத்தையும் விட்டு மருந்துவாழ்மலையின் பிள்ளைத்தடம் குகையில் தனித்திருந்து தவம் செய்த நாராயண குரு அதற்கு ஆயுட்காலத் தலைவரானார். பங்குத்தொகை, உறுப்பினர் பட்டியல், தீர்மானம், கணக்கு இவற்றோடு ஒரு துறவிக்கு என்ன வேலை? உறவுகளைத் துறந்தவர், முழுக்க முழுக்க உறவுகளாலேயே ஆன ஒரு சங்கத்துக்கு எப்படித் தலைவராக இருக்க முடியும்? இந்தக் கேள்வி பழையது போலத் தோன்றினாலும், இன்று நிறுவனங்களை நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

நிர்வாகிகளுக்கான பயிற்சி வகுப்புகளில் இன்று சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் உறவுத்திறன்தான். ஊழியரைப் பெயர் சொல்லி அழைப்பது, குறுக்கிடாமல் கேட்பது, குறையைத் தனியாகவும் பாராட்டைச் சபையிலும் சொல்வது, கோபத்தை ஒரு மூச்சுக்குத் தள்ளிவைப்பது என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் நல்ல பழக்கமே. ஆனால் இவை எந்த மனத்திலிருந்து வருகின்றன என்பதைப் பயிற்சியாளர்கள் பொதுவாகக் கேட்பதில்லை. ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் எழுதினார். புன்னகையும் கனிவும் சம்பளத்துக்கு விற்கப்படும் சரக்கானால், அதைச் செய்கிறவருக்கே தன் உணர்வு எது, வேலையின் உணர்வு எது என்ற தடுமாற்றம் வந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. அது தலைவர்களுக்கும் பொருந்தும். வேலை வாங்குவதற்காகவே கேட்கிற காதையும், ஆளைத் தக்கவைப்பதற்காகவே சொல்கிற பாராட்டையும் கீழே உள்ளவர்கள் வெகு சீக்கிரம் இனங்கண்டுகொள்வார்கள். பிறகு உண்மையான பாராட்டுக்கும் மதிப்பு இராது. ஏடி அண்ட் டி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். தொண்டு செய்யும் விருப்பம் முதலில் தோன்றி அதன்பின் தலைமைக்கு வருகிறவரும், தலைமையை முதலில் விரும்பிவிட்டுத் தொண்டைப் பின்னர் சேர்த்துக்கொள்பவரும் இருவேறு மனிதர்கள் என்று அதில் வாதிட்டார். திறனுக்கு அடியில் மனத்தின் நாட்டம் ஒன்று உண்டு என்பதை நிர்வாக உலகமே ஒப்புக்கொண்ட இடம் அது. அந்த நாட்டத்தை மாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு நம் சமயங்கள் நெடுநாளாக விடை தேடிவந்திருக்கின்றன.

நாராயண குருவின் விடை அவருடைய ஆத்மோபதேச சதகத்தில் இருக்கிறது. 1897ஐ ஒட்டி, அருவிப்புறத்து ஆண்டுகளில் பிறந்த நூறு பாடல்கள் அவை. அறிவு இரண்டு வகையாக இயங்குகிறது என்கிறார். ஒன்று, காண்பதையெல்லாம் வேறு வேறு என்று பிரித்துக் காட்டுவது. மற்றொன்று, வேறாகத் தெரிபவற்றின் ஊடே ஒன்றாக இருப்பதைக் காண்பது. முதலாவது பெருகிக்கொண்டே போகும். இரண்டாவதில் அதை அடங்கச் செய்தால்தான் தெளிவு வரும். இதே நூலில், ஒருவன் தன் சுகத்துக்காகச் செய்வது பிறருக்கும் சுகம் தருவதாக அமைய வேண்டும் என்ற கருத்தும் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும். தன்னைத் திருத்திக்கொள்வது என்பது இங்கே உள்ளுக்குள் நடக்கும் தனிக் கணக்கு அல்ல. நான் எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்பதை என்னை அளந்து அறிய முடியாது. எதிரே இருப்பவரை நான் எப்படிக் காண்கிறேன் என்பதில்தான் அது தெரியவரும். ஆனால் இதில் ஒரு வழுக்கலும் இருக்கிறது. எல்லாரும் ஒன்றே என்ற நினைப்பு, எல்லாரும் என்னைப் போலவே இருக்க வேண்டும் என்ற வற்புறுத்தலாகத் திரிந்துவிடும். தலைவர்களுக்கு, அதிலும் கொள்கைப் பிடிப்புள்ள தலைவர்களுக்கு, இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. குருவின் நூல் சொன்னதை அவர் வாழ்க்கை எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டது என்பதற்கு அவர் சேர்த்துக்கொண்ட ஆட்களே சாட்சி.

அவருடைய முதல் சீடரான சிவலிங்கதாச சுவாமிகள் அருவிப்புறத்தில் வந்து சேர்ந்தவர், நாயர் குடும்பத்தில் பிறந்தவர். ஒடுக்கப்பட்ட சமுதாயத்தின் எழுச்சியாகத் தொடங்கிய ஒன்றின் முதல் சீடர், அதை ஒடுக்கியவர்களின் வரிசையில் இருந்த சமுதாயத்திலிருந்து வந்தார். டாக்டர் பல்பு முற்றிலும் வேறு வார்ப்பு. சாதியின் பெயரால் திருவிதாங்கூரில் மருத்துவப் படிப்பும் வேலையும் மறுக்கப்பட்டு, சென்னையில் படித்து, மைசூர் அரசுப் பணியில் உயர்ந்தவர். 1896இல் 13,176 பேரின் கையொப்பத்தோடு ஈழவ மகஜரைத் திருவிதாங்கூர் மன்னருக்கு அனுப்பியவர். அவர் பேசிய மொழி உரிமையின் மொழி, புள்ளிவிவரத்தின் மொழி. குமாரன் ஆசான் கவிஞர். அவரைக் குரு பெங்களூருக்குப் பல்புவிடம் அனுப்பிப் படிக்க வைத்தார். சின்னசுவாமி என்று அழைக்கப்பட்டு, துறவு வாழ்வின் வாரிசாகவே பலரால் எண்ணப்பட்ட அவர் யோகத்தின் முதல் செயலாளராக ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் உழைத்தார், திருவிதாங்கூரின் பிரஜா சபையில் பேசினார், 1918இல் மணம் செய்துகொண்டார். எர்னஸ்ட் கிர்க் என்ற ஆங்கிலேயர் சீடரானபோது அவருடைய நாட்டு உடையைக் குரு களையச் சொல்லவில்லை. தவசி, மருத்துவர், கவிஞர், அயல்நாட்டார் என்று இவர்களில் ஒருவர்கூட மற்றவரின் நகலாக இல்லை. குருவின் நகலாகவும் இல்லை. திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர் குரு. யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று ஆராய்ந்து, பொருந்தியதும் அதை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்பது வள்ளுவர் அரசனுக்குச் சொன்னது. ஆராய்வது பலருக்கும் கைவரும். விட்டுவிடுவதுதான் தலைவனுக்குக் கடினம். தேவையற்றவராக ஆகிவிடுவோமோ என்ற அச்சம் குறுக்கே நிற்கும்.

கருத்து வேறுபாடு முற்றும் இடத்தில் இது இன்னும் கூர்மையாகச் சோதிக்கப்படுகிறது. 1917இல் குருவின் சீடரான சகோதரன் ஐயப்பன் செறாயியில், ஈழவரும் தாழ்வாகக் கருதிய புலையர்களோடு அமர்ந்து உண்ணும் சமபந்தி நடத்தினார். ஈழவரே அவரைச் சாதியிலிருந்து விலக்கினார்கள், புலையன் ஐயப்பன் என்று ஏசினார்கள். குரு அவருக்கு ஆதரவாக நின்றார். பொறுமையோடு தொடரும்படி ஊக்கினார். பின்னாளில் ஐயப்பன் பகுத்தறிவுவாதியாகி, மனிதகுலத்துக்கு ஒரே சாதி, ஒரே மதம், ஒரே தெய்வம் என்ற குருவின் உபதேசத்தையே தலைகீழாக்கி, சாதியும் வேண்டாம் மதமும் வேண்டாம் தெய்வமும் வேண்டாம் என்றார். ஒரு மதத் தலைவருக்கு இதைவிட நேரடியான மறுப்பு இருக்க முடியாது. ஆனாலும் இருவருக்கும் இடையிலான அன்பு அறுந்துபோகவில்லை. 1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் வேறொரு சிக்கல். கோயிலில் விக்கிரகம் வேண்டும் என்று ஒரு சாரார். விக்கிரகமே கூடாது என்று இளைஞர்கள் உள்ளிட்ட மற்றொரு சாரார். இரு தரப்புக்கும் நடுவே வந்த குரு அங்கே நிலைக்கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். இதைச் சமயோசிதம் என்று மட்டும் சொன்னால் குறைத்துச் சொல்வதாகும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாமே கல்லை நிறுவியவர், அந்தச் செயலின் புகழைக் காக்க வேண்டிய கட்டாயம் எதையும் உணரவில்லை. தம்முடைய பழைய வெற்றியையே பற்றிக்கொண்டிராதவருக்குத்தான் எதிர்த்தரப்பின் வாதத்தில் உள்ள நியாயம் கண்ணில் படும். சமரசம் என்பது இரு தரப்பின் கோரிக்கையையும் பாதியாக அறுத்துத் தருவது என்று நினைக்கும் நிர்வாகிகள், களவங்கோட்டில் இரு தரப்பும் தங்கள் கேள்வியையே திரும்பிப் பார்க்க நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும்.

இந்த வாதத்தின் மையம் 1916இல் இருக்கிறது. யோகம் பதிவாகிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், அந்த ஆண்டு மே மாதத்தில் குரு பல்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குத் தெரியாமலே யோகம் தீர்மானங்களை நிறைவேற்றுகிறது, தம்முடைய காரியங்களில் அதற்கு அக்கறையில்லை, சாதி அபிமானம் அதில் பெருகிவருகிறது; ஆகவே முன்பே மனத்தால் விட்டுவிட்ட யோகத்தை இப்போது சொல்லாலும் செயலாலும் விட்டுவிட்டோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டில், தாம் எந்தச் சாதியிலும் மதத்திலும் சேர்ந்தவரல்ல என்று வெளிப்படையாக அறிவித்தார். கடிதத்தில் இரண்டு குறைகள் கலந்திருப்பதை மறைக்கத் தேவையில்லை. தன்னைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள் என்பது எந்தத் தலைவரும் சொல்லும் மனக்குறை; ஞானிக்கும் அது வலித்திருக்கிறது. சாதி அபிமானம் என்பதோ தம்மைவிடப் பெரிய ஒன்றுக்காகச் சொன்ன குறை. சாதியைக் கரைக்கப் பிறந்த சங்கம் ஒரு சாதியின் சங்கமாக இறுகுவதை அவர் கண்டார். அடுத்து அவர் செய்யாதவை முக்கியமானவை. ஆட்களைத் திரட்டித் தம் தரப்பை வெல்லச் செய்யவில்லை. அவருடைய ஒரு சொல்லுக்கு யோகமே இரண்டாக உடைந்திருக்கக்கூடும்; உடைக்கவில்லை. தம் பெயரை எடுத்துவிடுங்கள் என்று வழக்குக்கும் போகவில்லை. பதவியோடு இருந்த தொடர்பை மட்டும் துண்டித்துக்கொண்டார், மனிதர்களோடு இருந்த தொடர்பைத் துண்டிக்கவில்லை. ஆசான் அதன் பிறகும் சில ஆண்டுகள் செயலாளராகத் தொடர்ந்தார். பல்புவின் மகன் நடராஜ குரு சீடராகி 1923இல் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். துறவு தலைமைக்குத் தரும் கொடை இதுதான் என்று தோன்றுகிறது. சங்கம் தேவைப்படாதவராக இருந்ததால்தான் அதற்கு உண்மையைச் சொல்ல அவரால் முடிந்தது. நாற்காலி இல்லாவிட்டால் தான் யார் என்று தெரியாதவர் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டார். எழுதியிருந்தாலும் அதை மிரட்டலாகத்தான் பயன்படுத்தியிருப்பார்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, விலகுவது பொறுப்பைக் கைவிடுவது ஆகாதா என்பது. தவறான வழியில் போகும் அமைப்புக்குள் நின்று போராடுவதுதானே தலைவரின் கடமை? மறுப்பில் நியாயம் உண்டு. கோபித்துக்கொண்டு ஒதுங்குகிற பெரியவர்களால் கெட்டுப்போன சங்கங்கள் நம் ஊர்களில் ஏராளம். ஆனால் குருவின் விலகல் ஒதுங்கலாக முடியவில்லை. 1924இல் ஆலுவாயில் சர்வமத மாநாட்டைக் கூட்டினார். வாதிட்டு வெல்வது அதன் நோக்கமில்லை, அறியவும் அறிவிக்கவுமே கூடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிவித்தார். 1927இல் பள்ளாத்துருத்தியில் கூடிய யோகத்தின் ஆண்டு மாநாட்டுக்கு நேரில் சென்றார். சங்கம் என்பது ஒரு கூட்டத்தாரை மட்டும் சேர்த்து இன்னொரு சாதியை உண்டாக்குவதாக இருக்கக் கூடாது, மனிதர் எல்லாரையும் இணைப்பதாக இருக்க வேண்டும் என்பது அவர் அங்கே சொன்னதன் கருத்து. பதினோரு ஆண்டுக்கு முன் கடிதத்தில் எழுதியதை, இப்போது அவர்கள் நடுவே நின்று, கசப்பில்லாமல் சொன்னார். 1928 தொடக்கத்தில் துறவிச் சீடர்களுக்கென ஸ்ரீ நாராயண தர்ம சங்கம் உருவானது. அந்த ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் அவர் சிவகிரியில் மறைந்தார். விட்டவர் திரும்பி வரவும் முடிந்தது என்பதிலிருந்து, அவர் விட்டது அதிகாரப் பற்றைத்தான், அக்கறையை அல்ல என்று கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. குருவின் கை அழுக்காகாமல் இருந்ததற்குக் காரணம் பிறர் தங்கள் கைகளை அழுக்காக்கிக்கொண்டதுதான். மகஜர் எழுதியவர் பல்பு. கணக்குப் பார்த்தவரும், பத்திரிகை நடத்தியவரும், உட்பூசலில் ஏச்சு வாங்கியவரும் ஆசான். பற்றின்மை என்பது நிர்வாகச் சுமை இல்லாதவர்களின் ஆடம்பரம் என்று ஒருவர் சொன்னால் அதை எளிதாகத் தள்ள முடியாது. நானும் தள்ளவில்லை. ஆயினும் இந்த மறுப்பு நிறுவுவது எதை? தலைமைக்குத் துறவியின் மனம் மட்டும் போதாது, செயலாளரின் உழைப்பும் வேண்டும் என்பதை. செயலாளருக்குத் துறவியின் மனம் வேண்டாம் என்பதை அது நிறுவவில்லை. பணமும் பதவியும் தினமும் கையில் புழங்குகிறவருக்குத்தான் அந்த மனம் அதிகம் வேண்டும். மலை உச்சியில் இருப்பவருக்கு எதையும் தனதாக்கிக்கொள்ளும் வாய்ப்பே இல்லை. வாய்ப்பு இருந்தும் ஆக்கிக்கொள்ளாதிருப்பதுதான் பயிற்சி.

மூன்றாவதாக, பலன் எங்கே என்று கேட்கலாம். குரு விரும்பியபடி யோகம் சாதி கடந்த அமைப்பாக மாறவில்லை. இன்றும் ஒரு சமுதாயத்தின் பிரதிநிதியாகவே அது அறியப்படுகிறது. யோகத்துக்கும் துறவிகளின் சங்கத்துக்கும் பின்னாளில் பிணக்குகள் வந்தன. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திருவிதாங்கூர்க் கோயில்களைத் திறந்துவிட்டது 1936 நவம்பர் 12ஆம் நாள் வந்த அரச பிரகடனம். மனப்பக்குவத்தைவிடச் சட்டமும் போராட்டமுமே சாதித்தன என்பது இந்த வாதம். அமைப்புகளைச் சரிசெய்யாமல் தனிமனிதர்களைத் திருத்தப் பார்ப்பது, அநீதியை நீட்டிக்கும் தந்திரமாகவும் ஆகக்கூடும். இதை முழுமனத்தோடு ஏற்கிறேன். சம்பளம் குறைவு என்று கேட்ட ஊழியருக்குத் தியான வகுப்பு நடத்தும் நிறுவனங்களை நாம் அறிவோம். ஆனால் சட்டம் திறந்த கதவுக்குள் யார் யாரோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதைச் சட்டத்தால் எழுதிவிட முடியாது. மேலும், போராட்டத்தை நடத்தும் சங்கமே உள்ளுக்குள் சிறு அரசாக மாறி, எதிர்ப்போரை நசுக்குவதை உலகெங்கும் பார்க்கிறோம். விடுதலை கேட்ட அமைப்புகள் ஆளும் அமைப்புகளாக இறுகிய வரலாறு நீளமானது. வெளியே எதை எதிர்க்கிறோமோ அதுவே உள்ளே முளைக்கிறதா என்று பார்க்கும் கண், சட்டப்பிரிவுகளால் கிடைக்காது. 1916இல் குருவுக்கு இருந்தது அந்தக் கண். அவர் சொன்னதைச் சங்கம் கேட்கவில்லை என்பது சங்கத்தின் தோல்வி. சொன்னது பிழை என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது.

இதெல்லாம் மகான்களுக்குப் பொருந்தும், நமக்கு எதற்கு என்று விட்டுவிடவும் கூடாது. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களைப் பாருங்கள். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்து சேமிப்பும் கடனும் நடத்துகிறார்கள். அவற்றின் மேல் வார்டு அளவில் ஓர் அமைப்பு, அதன் மேல் ஊராட்சி அளவில் ஒரு சங்கம். தலைவியாக வருகிறவர் நேற்றுவரை அடுத்த வீட்டுக்காரி. பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் அடுத்த வீட்டுக்காரிதான். பெருங்கடவிளை, பாறசாலை போன்ற ஊர்களில் இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர், நாடார், ஈழவர், நாயர், மலையாளம் பேசுவோர், தமிழ் பேசுவோர் என்று ஒரே பாயில் உட்கார வேண்டியிருக்கும். கடனைக் கட்டாத பக்கத்து வீட்டாரிடம் கண்டிப்பாகவும் பேச வேண்டும், மறுநாள் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போக வேண்டும். குரு எதிர்கொண்ட கேள்வி அங்கே சிறிய அளவில் அன்றாடம் வந்து நிற்கிறது. சம்பளம் கொடுத்து அடக்கவோ வேலையை விட்டு நீக்கவோ முடியாத தலைமை அது. நம்பிக்கையைத் தவிர அதற்கு வேறு அதிகாரம் இல்லை. பற்றின்மை இங்கே காவி உடுத்துவதாக இராது. தன்னை எதிர்த்து வாக்களித்தவரின் கடன் விண்ணப்பத்தையும் அதே நடையில் படிப்பதாக இருக்கும்.

ஆகவே நிறுவனங்களில் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்கவும் பேசவும் பாராட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பயிற்சி தேவையானதே. அதற்கு முன் உங்கள் சங்கத்தில் உங்களைப் போல இல்லாத எத்தனை பேர் உங்களுக்கு அருகில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களை வெளிப்படையாக மறுத்துப் பேசியவர் அதன் பிறகும் உங்களோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இடித்துச் சொல்வார் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் எச்சரித்தது உங்களுக்கும் பொருந்தும். எதற்காக இந்தப் பொறுப்பை விடத் தயாராவேன் என்று பதவியேற்கும் நாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு விடை இல்லாதவர் கற்கும் உறவுத்திறன்கள் எல்லாம் பிறரை ஆளும் கருவிகளாகவே மிஞ்சும்.